ஏழு என்னும் எண்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் இரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்தவன் நான். எனக்குக் கணிதப் புலமை உண்டென்று எண்ணி எவரும் ஏமாற வேண்டாம். எனினும் ஏழு என்னும் எண் என் தவறு ஒன்றை எனக்குக் காட்டித் தந்தது. அதைச் சொல்லவே செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

ஏழின் பெருமை நீங்கள் அறிந்ததே. சுரங்கள் ஏழு, கடையெழு வள்ளல்கள், குறட்பாவுக்குச் சீர் ஏழு, திருக்குறளின் அதிகாரங்கள் 133, அதாவது பத்தொன்பது ஏழு. ஒன்றை ஏழால் வகுத்தால் 142857 என்னும் இலக்கங்கள் முடிவின்றித் திரும்ப வரும். அவ்வெண்ணை 2 முதல் 6 வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள் இடம் மாறி வட்டமிடும். ஏழால் பெருக்கினால் மட்டும் 999999 ஆகும். குழந்தைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது கிழமைகளைப் பற்றி. நம் இல்லத்துப் பஞ்சாங்கத்தில் ஓரை பார்க்கிறோம். ஓரை என்னும் சொல் கிரேக்க மொழியின் ‘ஹோரா’விலிருந்து வந்தது. அக்காலத்தார், வானில் மெதுவாய்ச் செல்வதை முதலில் வைத்து, சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என ஏழு கோள்களை வரிசைப்படுத்தினர். மணிக்கொரு கோள் ஆட்சி. நாளின் முதல் மணிக்கு உரியதே அந்நாளின் பெயர். சனிக்கிழமையின் முதல் மணி சனிக்குரியது. 24 மணிகளை ஏழால் வகுக்க மீதி மூன்று. ஆதலின் மறுநாள் முதல் மணி மூன்று இடம் தள்ளி ஞாயிறுக்கு வரும். இன்னும் மூன்று தள்ளினால் திங்கள். இன்னும் மூன்று தள்ளினால் செவ்வாய். கிழமைகளின் வரிசை இப்படித்தான் பிறந்தது.

ஏழு பகா எண். 24-ஐ அது மீதியின்றி வகுப்பதும் இல்லை. ஆகவே மூன்று மூன்றாகத் தாவினாலும் ஏழு இடங்களையும் தொட்ட பின்னரே தொடங்கிய இடத்துக்கு வர முடியும். இராகு கேதுவையும் சேர்த்து ஒன்பதாக்கியிருந்தால் மீதி ஆறு. மூன்று கோள்களே மாறி மாறி நாளாளும், மற்ற ஆறும் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டாயிருந்தால் மீதியே இல்லை, என்றும் சனிக்கிழமைதான்!

இனி என் தவறு. எங்கள் பிரிவில் எழுத்தர் ஏழு பேர். இரவுப் பணிக்கு நாளுக்கு ஒருவர். முறைப்பட்டியல் எழுதுபவன் நான். ஏழு பெயர்களை வரிசையாய் எழுதி, அனைவருக்கும் சரிசமம் என்று மகிழ்ந்திருந்தேன். இரவுகளின் எண்ணிக்கையில் பிழையில்லை. ஆனால் ஏழு நாளுக்கு ஏழு பேர் என்றால் மீதி ஏது? சனிக்கிழமை இரவு விழித்தவரே எல்லாச் சனிக்கிழமையும் விழித்தார். அவர் நம்மவர். ஞாயிறு காலை நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு மகளை அழைத்து வர வேண்டியவர், பணி முடிந்து வந்து உறங்கிப்போவார். இரண்டாண்டுகள் அப்பெண் வகுப்புக்கு வரவில்லை.

“அண்ணா, குழந்தைக்கு இந்தி எழுத்துத்தான் வருகிறது. ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதத் தெரியவில்லை” என்றார் ஒருநாள்.

“முறை எல்லார்க்கும் ஒன்றுதானே, தம்பி” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

பின்பு ஒருவர் மாற்றலாகிச் சென்றார். ஆறு பேரானோம். எல்லார்க்கும் சுமை கூடிற்று. ஆனால் நண்பரின் இரவு சனியிலிருந்து வெள்ளிக்கும், அடுத்த முறை வியாழனுக்கும் நகர்ந்தது. ஒரு ஞாயிறு காலை, கையில் சிலேட்டுடன் அப்பெண்ணை இம்மண்டப வாசலில் கண்டேன். அன்றுதான் வீட்டுக்குச் சென்று தாளும் பென்சிலுமாய் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

சில மாதங்களில் ஏழாமவர் வந்து சேர்ந்தார். பழைய பட்டியலுக்குத் திரும்ப மனம் இசையவில்லை. ஏழு பெயர்களின் கீழே எட்டாவதாக ஒரு வெற்றிடம் விட்டேன். அந்த எட்டாம் இரவைச் சுற்றுக்கு ஒருவராய் ஏற்பதென்று பேசி முடித்தோம். சுற்று எட்டு நாளாகவே, எவர் இரவும் ஒரே கிழமையில் நிற்பதில்லை. முதல் வெற்றிடத்தில் என் பெயரையே எழுதினேன். அது ஒரு சனிக்கிழமை.