செவிலியர் அறிய வேண்டிய பல்நலம்

(கரியாலூரில் ஆற்றிய உரை)



பள்ளி ஆசிரியர் பல்லைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பல்வலியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய்நோய்களால் துன்புறுகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிவித்தது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. கல்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழ்வோர் பல் மருத்துவரைக் காணுமுன் கிராம சுகாதாரச் செவிலியரையே காண்கின்றனர். அவர் அறிந்ததே ஊர் அறிவது.

அவர் அறிய வேண்டியவை யாவை? சொத்தை, பூச்சி அரிப்பதால் வருவதன்று. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லைக் கரைக்கிறது. ஆறு வயதளவில் முளைக்கும் கடைவாய்ப்பல், எப்பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால் பாற்பல்லெனக் கருதப்பட்டுக் கெடுகிறது. அது நிலையான பல். ஈறில் இரத்தம் கசிந்தால் பல் துலக்குவதை நிறுத்தலாகாது; மென்மையாகத் துலக்க வேண்டும். புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே. வாய்ப்புண் இரண்டு வாரங்களில் ஆறாவிடில் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

அறிவு ஒன்று, பழக்கம் மற்றொன்று. இரவுப் பணியில் பலமுறை இனிப்புத் தேநீர் அருந்தி, விடிந்ததும் அப்படியே உறங்கும் செவிலியர் பிறர்க்கு எதனைக் கற்பிப்பார்? எந்நேரம் உறங்கினும் உறங்குமுன் ஒருமுறையும், நாளில் மற்றொருமுறையும், ஃபுளோரைடு கலந்த பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குக. கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும்.

இன்னொன்று. நினைவிழந்த நோயாளியின் வாயைத் துப்புரவு செய்யாவிடில் அங்குள்ள கிருமிகள் நுரையீரலை அடைந்து நிமோனியாவை உண்டாக்கலாம். ஆயினும் அதனைத் தாழ்ந்த வேலையெனக் கருதி உறவினரிடம் விட்டுவிடும் வழக்கம் உண்டு. தாழ்ந்த வேலை என்ற சொல்லின் சுமையை நம் மக்களைவிட அறிந்தவர் யார்? தலைமுறை தலைமுறையாகப் பிறர் அழுக்கை நம்மீது சுமத்தியது சாதி. அதில் நம் விருப்பமும் இல்லை, நமக்கு மதிப்பும் இல்லை. செவிலியப் பணியோ நாம் கற்றுத் தேர்ந்து ஏற்பது. அதற்கு ஊதியமும் உரிமையும் உண்டு. அங்கே வாயைத் தூய்மை செய்வது மருத்துவம். தொடாதே என்று ஒதுக்கப்பட்டோரின் மகள், தொட்டு உயிர் காக்கிறாள்.

எனவே நம் வேண்டுகோள் ஒன்றே. பயிற்சி முடித்து ஊர் திரும்பும் ஒவ்வொரு பெண்ணும் தம் தெருவிலுள்ள ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப்பற்களை ஒருநாள் அமர்ந்து பாருங்கள். கறுத்த பல்லுடைய பிள்ளையின் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். செலவு ஏதுமில்லை, ஒரு பிள்ளையின் பல் நிலைக்கும்.