உண்ணிக் காய்ச்சல்

வன்னி என்றதும் குளமும் வயலும் மட்டுமன்றிக் காய்ச்சலும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அது நுளம்பு பரப்பிய மலேரியாக் காய்ச்சல். தலைமுறை தலைமுறையாக மக்களை வாட்டிய அந்நோய் இலங்கையில் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டிற் சான்று வழங்கியது. எனினும் கடித்து நோய் பரப்பும் உயிர்கள் யாவும் வன்னியை விட்டு அகன்றுவிடவில்லை. உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணி அவற்றுள் ஒன்று.

உண்ணி என்றால் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக் கிடப்பதே யாவர்க்கும் தோன்றும். அது கண்ணுக்குத் தெரிவது, பிடுங்கி எறியலாம். சிற்றுண்ணியின் குஞ்சோ ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கே. பற்றைகளிலும் புல்லிலும் காத்திருந்து, எலியையோ வழிச்செல்லும் மனிதரையோ பற்றிக்கொள்ளும். கடித்த இடம் வலிப்பதுமில்லை. நோய்க் கிருமி தாயின் முட்டை வழியே குஞ்சுகளையும் சேர்வதால், அது அவ்விடத்தில் நிலைபெற்றுவிடுகின்றது. நுளம்பை ஒழிக்க மருந்து தெளித்தாற்போலக் காடு முழுவதும் தெளித்தல் இயலாது.

2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் ஊர் திரும்பியோரில் எத்தனையோ பேர், தம் காணிகள் பற்றைக்காடாய் மூடிக்கிடக்கக் கண்டனர். காணி துப்புரவாக்குவோர், விறகு பொறுக்குவோர், மாடு மேய்ப்போர் ஆகியோர் நாள்தோறும் இச்சிற்றுயிரின் எல்லைக்குள்ளேயே கால் வைக்கின்றனர்.

கடியுண்டு ஒரு கிழமை முதல் மூன்று கிழமைக்குள் கடுங்காய்ச்சலும் தலையிடியும் உடல் உளைவும் தோன்றும். டெங்குவோ வேறு காய்ச்சலோ என்று மயங்க இடமுண்டு. அம்மயக்கத்தைத் தீர்ப்பது ஒரு சிறு அடையாளம். கடிவாயிற் சுருட்டு நெருப்புச் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று காணப்படும். எல்லோரிடத்தும் அது தோன்றுவதில்லை. தோன்றினும் கக்கத்திலோ அரையிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும். வலியின்மையால் நோயாளி அறியார். அறிந்தாலும் கூச்சத்தாற் காட்டார். அக்கூச்சமே உயிருக்கு உலையாகலாம்.

பென்சிலின் இந்நோய்க்குப் பயன்படாது. டொக்சிசைக்கிளின் என்னும் விலை குறைந்த மருந்தை வைத்தியர் உரிய வேளையிற் கொடுப்பின், பெரும்பாலும் இரண்டு நாளிற் காய்ச்சல் தணியும். காலந்தாழ்ந்தாலோ நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன தாக்கப்பட்டு மரணமும் நேரலாம்.

ஆகவே காட்டுக்குச் செல்வோர் உடலை மூடும் ஆடை அணிதல் வேண்டும். வெறும் புற்றரையிற் படுத்தலாகாது. வீடு திரும்பியதும் உடுப்பை மாற்றிக் குளித்தல் நன்று. வளவிற் பற்றையும் எலியும் பெருக விடலாகாது. காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்குமுன்னரே காட்டுக்குச் சென்றுவந்த செய்தியைக் கூறி, உடலிற் பொருக்கு இருப்பின் அதனையும் கூசாது காட்டுதல் வேண்டும்.