இளைப்பாறிய பின் எங்கே குடியிருப்பது?

உத்தியோகத்தர் ஒருவர் இளைப்பாறும் நாள் அணுகும்போது அவர் இல்லத்தில் ஒரு வினா எழுகின்றது. இனி எங்கே குடியிருப்பது? பிறந்த ஊரிலா, கடமையாற்றிய நகரத்திலா, பிள்ளைகளுடனா? மனம் ஒரு விடை சொல்லும். கணக்கு வேறொரு விடை சொல்லும். இரண்டையும் ஒருங்கே கேட்டு முடிவு செய்வதே நன்று.

முந்திய தலைமுறையினர் பலருக்கு இவ்வினா எழவேயில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றியோரிற் பலர் இளைப்பாறியதும் ஊருக்கே மீண்டனர். 'மலாயன் பென்சனியர்' என்பது ஊரிலே ஒரு பட்டம் போலவே வழங்கிற்று. கொழும்பிற் பணியாற்றியோரும் அவ்வாறே திரும்பினர். அங்கே வீடும் இருந்தது, உற்றாரும் இருந்தனர். இன்றோ வீடு இருக்கும் இடத்தில் உற்றார் இல்லை; உற்றார் இருக்கும் இடத்தில் வீடு இல்லை.

ஓர் எழுதுவினைஞரை எண்ணிக்கொள்வோம். முப்பது ஆண்டுகளாக வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் வாழ்ந்தவர். வலிகாமத்தில் தந்தையார் விட்டுச்சென்ற வீடொன்று பூட்டிக் கிடக்கின்றது. அவர் அங்கே போக விரும்புகின்றார். மனைவியோ, "மகள் தெகிவளையில் இருக்கிறாள், மாதந்தோறும் மருந்தெடுக்கும் ஆசுப்பத்திரியும் இங்கேதான், நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் போய் யாரை நம்பி இருப்பது?" என்கின்றார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அரசாங்க உத்தியோகத்தருக்கு இருபத்து நான்கு மாதக் குறைத்த ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை பணிக்கொடையாகக் கிடைக்கின்றது. அந்த ஓய்வூதியம் மாதம் 60,000 ரூபா என வைத்துக்கொண்டால் பணிக்கொடை 14,40,000 ரூபாவாகும். வீட்டு வாடகை 45,000 ரூபா எனின், ஏனைய செலவுக்கு எஞ்சுவது 15,000 ரூபாவே. மாதந்தோறும் இன்னும் 30,000 ரூபா தேவைப்படின், பணிக்கொடை நாற்பத்தெட்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அறுபது வயதில் இளைப்பாறியவர் அறுபத்து நான்கில் வெறுங்கையுடன் நிற்பார்.

ஊருக்குப் போனாலும் செலவில்லை என்று எண்ணலாகாது. கூரை மாற்றவும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கவும், முதியோருக்கேற்ற மலசலகூடம் வீட்டினுள் அமைக்கவும் பத்து இலட்சம் ஆகலாம். ஆயினும் அஃது ஒருமுறைச் செலவு. வாடகை மாதந்தோறும் வருவது. இந்த வேற்றுமையே கணக்கின் உயிர்நிலை.

தனியார் துறையினர் நிலை வேறு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். அத்தொகை மொத்தமாகக் கைக்கு வரும். மாத ஓய்வூதியமாக வராது. அதை ஒரே வீட்டில் முழுதும் முடக்கினால் வீடு இருக்கும், அடுப்பு எரியாது. வட்டியையே முழுதும் நம்புவதும் தகாது. 2015இல் முதியோரின் வைப்புக்கு 15 வீத விசேட வட்டி வழங்கப்பட்டது. 2022இல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. அதே 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது.

மற்றொரு விடயம் உறுதி எழுதுவது. மகளுக்குச் சீதனமாகவோ மகனுக்கு நன்கொடையாகவோ வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டின் விறாந்தையில் விருந்தாளி போல் வாழும் பெற்றோர் உளர். எழுதும்போதே தமக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கிவைக்குமாறு நொத்தாரிசிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளில் ஐயம் கொள்வதால் அன்று. பிள்ளைகளுக்கும் இடர் வரலாம், கடன் வரலாம் என்பதால். தனக்கு மிஞ்சியே தானம்.

கணவருக்குப் பின் மனைவியின் நிலை என்ன என்பதையும் இருவரும் உயிரோடிருக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தில் எவ்வளவு வரும் எனப் பிரதேச செயலகத்தில் விசாரித்து எழுதிவைத்தல் நன்று. தனித்து வாழ நேர்ந்தால் அவர் எந்த ஊரில் அச்சமின்றி வாழ்வாரோ, அந்த ஊருக்கே முதலிடம் கொடுத்தல் தகும்.

முடிவுக்கு முன் ஒரு பரீட்சை உண்டு. பணிக்கொடையிற் கைவைக்குமுன், ஆடிக் கோடையில் ஒரு மாதமும் கார்த்திகை மாரியில் ஒரு மாதமும் அந்த ஊரில் வாழ்ந்து பார்க்கலாம். கோடையிற் கிணற்று நீர் உவர்க்கின்றதா, மாரியிற் கூரை ஒழுகுகின்றதா, இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அயலில் யார் உளர் என்பவை அப்போது தெரியும். அந்த எழுதுவினைஞரும் மனைவியும் அவ்வாறு வாழ்ந்து பார்த்தபின் ஊரில் தங்கவும் கூடும். தெகிவளையிற் சிறியதொரு வீட்டை நாடவும் கூடும். எதுவாயினும் இருவரும் கண்டறிந்து இசைந்த முடிவாக இருக்கும். இளைப்பாறுதல் என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் உண்டாகும்.