பாறைமேல் வைத்துப்போன ரொட்டி
(வானொலி மறையுரை)



அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு பாலைநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கிராண்ட் கேன்யன் எனும் அந்தப் பள்ளத்தாக்கு சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. இன்று ஆயிரக்கணக்கானோர் ரப்பர் மிதவைகளிலும் கயாக் எனும் சிறு படகுகளிலும் குழுக்களாக அதில் பயணம் செய்கிறார்கள். முழுப் பயணத்துக்கு இரண்டு வாரம்கூட ஆகும். சமையல் முதல், கழிவைப் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருவது வரை வேலை உண்டு. இருபுறமும் செங்குத்துப் பாறை. மனம் கசந்தாலும் நினைத்த இடத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விட முடியாது.

அந்தப் பாதையை முதன்முதலில் படகில் கடந்து பதிவு செய்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869 மே 24 அன்று பத்துப் பேர், நான்கு படகுகளோடு வயோமிங்கிலிருந்து புறப்பட்டார்கள். இரண்டு வாரங்களில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. உணவில் கணிசமான பகுதி அதோடு போயிற்று. ஜூலையில் ஒருவர் விலகினார். ஆகஸ்ட் கடைசியில் மீந்திருந்தது பூசணம் பிடித்த மாவும், உலர்ந்த ஆப்பிளும், காப்பித்தூளும்தான்.

ஆகஸ்ட் 27. எதிரே ஆறு பாறைகளில் மோதிச் சீறிப் பாய்கிறது. அன்றிரவு ஓராமெல் ஹௌலண்ட் என்பவர் பவலிடம் வந்து, “இதற்குமேல் ஆற்றில் போவது தற்கொலை; நானும் என் தம்பியும் வில்லியம் டன்னும் பாறையேறி நடந்து போகிறோம்” என்ற கருத்தைச் சொன்னார். பவல் இரவெல்லாம் மணலில் நடந்து யோசித்தார். மறுநாள் காலை மூவரும் பிரிந்தார்கள்.

எப்படிப் பிரிந்தார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். யாரும் யாரையும் ஏசவில்லை. துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். ஆற்றில் போகும் ஒருவர், தாம் இறந்துவிட்டால் தம் சகோதரியிடம் சேர்க்கும்படி, நடந்து போகிறவரிடம் தம் கடிகாரத்தை ஒப்படைத்தார். மீதி உணவில் பங்கு தந்தபோது மூவரும் வாங்க மறுத்தார்கள். சமையல்காரரோ சுட்டு வைத்திருந்த ரொட்டியை அவர்களுக்காகப் பாறைமேல் வைத்துவிட்டுப் படகேறினார். இரு தரப்பாரும் அழுதார்கள். சாவுக்குப் போவது மற்றவர்தான் என்று ஒவ்வொரு தரப்பும் நம்பியது.

ஆறு பேரும் அந்த இடத்தைக் கடந்துவிட்டார்கள். உடனே கரை ஒதுங்கித் துப்பாக்கி வெடித்தார்கள். ‘நாங்கள் பிழைத்தோம், நீங்களும் வாருங்கள்’ என்று சொல்வதற்கு. வெகுநேரம் காத்திருந்தார்கள். மூவரும் வரவில்லை. மறுநாள் ஆறு பேரும் பள்ளத்தாக்கைவிட்டு வெளியே வந்தார்கள். நடந்துபோன மூவரும் மேட்டுநிலத்தில் கொல்லப்பட்டார்கள். கொன்றது யார் என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை.

‘பார்த்தீர்களா, படகில் இருந்தவன் பிழைத்தான், இறங்கியவன் செத்தான்’ என்று மறையுரையை முடிப்பது எனக்கு எளிது. ஆனால் அது நியாயம் அல்ல. மூன்று மாதம் துடுப்புப் போட்ட அந்த மூவரும் கோழைகள் அல்லர். எந்த வழி உயிருக்கு வழி என்று அன்று காலையில் எவருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கில் ஒருவர் அன்பியக் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ‘போகிறவர் போகட்டும்’ என்றேன். சொன்னது நான், பங்குத்தந்தை. அவர் வீட்டுப் படியேற எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. போனபோது அவர் துணைவியார் அடக்கமாகி நாற்பது நாள் கடந்திருந்தது; வெளியூரில் அடக்கம் செய்திருந்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, காப்பி கொடுத்தார். அந்தக் காப்பியை நான் இன்னும் மறக்கவில்லை.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். புயலில் கப்பல் தத்தளிக்கிறது. மாலுமிகள் சிறு படகில் தப்பியோடப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இருந்தால்தான் எல்லாரும் பிழைக்க முடியும் என்று பவுல் எச்சரிக்கிறார். நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்து நடப்பதையும் பாருங்கள். விடியும் வேளையில் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்கிறார். கப்பலில் 276 பேர். ஓடப் பார்த்த மாலுமிகளும் அதில் அடக்கம். அவர்களைப் பந்தியிலிருந்து யாரும் எழுப்பவில்லை. எல்லாரும் கரை சேர்ந்தார்கள்.

அன்பானவர்களே, குடும்பத்திலிருந்து, பங்கிலிருந்து, நட்பிலிருந்து யாராவது விலகிப் போயிருக்கலாம். அவர் எடுத்த முடிவு தவறு என்று நீங்கள் நினைக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். அவரும் உங்களைப் பற்றி அப்படியே நினைத்து அழுதுகொண்டிருக்கக்கூடும். வழக்கு யார் பக்கம் என்பதைப் பிறகு பேசலாம். இன்று மாலைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு, வாசல்வரை ஒரு நடை. அவர் வராமலும் போகலாம். ஆனாலும் ரொட்டி பாறைமேல் இருக்கட்டும்.

பிரிந்தவரைத் தேடிச்செல்லும் நல்லாயன் நம் கால்களுக்கும் அந்த வழியைக் காட்டுவாராக. ஆமென்.