ஊராட்சிப் பணியில் அடிபட்டவருக்குக் கூலி



அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வானம் பார்த்தே பருத்தியும் சோளமும் மல்லியும் விளைகின்றன. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் சிலவே. ஆகையால் மேல்நிலைத் தொட்டியே பல ஊர்களுக்கு உயிர்நாடி. விடியுமுன் எழுந்து மோட்டாரை ஓட்டித் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரை நாம் எல்லோரும் அறிவோம். தொட்டியைக் கழுவ அவர் ஏறுகின்ற இரும்பேணியின் துருவைக் கண்டவர் எத்தனை பேர்? அவ்வேணியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, மூன்று மாதம் அவர் படுத்துவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரிவது எங்ஙனம்? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நிரந்தர அரசு ஊழியர் கடமையின்போது காயமுற்றால் விடுப்பு விதிகள் அவரைத் தாங்குகின்றன. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த ஆலைத் தொழிலாளிக்குச் சராசரி நாட்கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கிடைக்கிறது. தொட்டி இயக்குபவருக்கும், குப்பை அள்ளும் தூய்மைக் காவலருக்கும் ஒன்றுமில்லை என்றே பல ஊர்களில் கருதிவருகின்றனர். அக்கருத்துச் சரியன்று.

வேலையில் நேரும் காயத்துக்கு ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை ஜெர்மனியில் 1884இலும், இங்கிலாந்தில் 1897இலும் சட்டமாயிற்று. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறையாயிற்று. உள்ளாட்சி மன்றம் தன் கடமைகளை ஆற்றுவதும் ஒரு தொழில் நடத்துவதாகவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் வகுத்தது. அதாவது, கூலி கொடுக்கும் ஊராட்சியும் ஒரு முதலாளியே! அச்சட்டத்தின் இழப்பீட்டு முறை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஏழாம் அத்தியாயமாயிற்று. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஊழியரின் மாத ஊதியம் 6,000 ரூபாய் என்று கொள்வோம். காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாதபோது, அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் கால் பங்கு, அதாவது 1,500 ரூபாய், தரவேண்டும். மாதத்துக்கு 3,000 ஆயிற்று. குணமாகும்வரை, மிகுந்தால் ஐந்தாண்டு வரை, இது தொடரும். மூன்று நாளுக்குள் ஆறிவிடும் சிறு காயத்துக்கு இது இல்லை. மருத்துவச் செலவு தனி. அதை இதில் கழித்துக்கொள்ளலாகாது. பாதி ஊதியம் போதுமா என்றால், போதாது என்பதே நம் கருத்து. ஆயினும் அந்தப் பாதியேனும் உரிய நாளில் வீடு சேரவேண்டும்.

உறுப்பு இழந்தால் கணக்கு வேறு. அதே ஊழியருக்கு வயது 40. மோட்டார்ப் பட்டையில் சிக்கிக் கட்டைவிரல் போயிற்று. ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கை அவ்வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கி, அதில் நூற்றுக்கு 30 பங்கு காணவேண்டும். ஏறத்தாழ 1,98,900 ரூபாய் வருகிறது. சிறிய ஊராட்சி ஒன்றுக்கு இது பெருந்தொகை என்பதை நாம் மறுக்கவில்லை. இதற்கெனவே பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி உண்டு. ஓர் ஒன்றியத்து ஊராட்சிகள் கூடி அது பற்றி விசாரிப்பது நலம்.

“அவர் கவனமின்றி ஏறினார், நாங்கள் என்ன செய்வோம்?” என்று சிலர் கேட்பதுண்டு. கவனக்குறைவு மட்டும் இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று காட்டினால்தான் மறுக்கலாம். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்துவிட்டால் அக்காரணமும் செல்லாது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் வெட்டப் பணித்தபோது பாம்பு கடித்தாலும், வேலைக்கும் கடிக்கும் தொடர்பு இருந்தால் அது பணிக்காயமே. ஒப்பந்தக்காரர் வைத்த ஆளாயினும், வேலை ஊராட்சியுடையதானால் அவர் ஊராட்சியிடம் கேட்கலாம். கொடுத்த தொகையை ஊராட்சி ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று ஊழியரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிய தாள் சட்டத்தின்முன் வெறுந்தாளே.

உரிமை கேட்க இரண்டாண்டு காலம் உண்டு. ஆனால் வழக்குகள் பெரும்பாலும் சிதைவது முதல் வாரத்தில்தான். விபத்து நடந்ததற்கு எழுத்தில் ஒரு வரிகூட இராது. மருத்துவமனைச் சீட்டில் “வீட்டில் விழுந்தார்” என்றிருக்கும். ஆகவே அடிபட்ட அன்றே நாள், நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, கண்டவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதித் தலைவர் கையொப்பமிடவேண்டும். மருத்துவரிடம் உடன் செல்பவர், ஊராட்சி வேலையில் நேர்ந்த காயம் என்று சொல்லிச் சீட்டில் அவ்வாறே எழுதச் செய்யவேண்டும். ஊதியம் கொடுத்த பதிவும் முறையாக இருக்கட்டும். அதைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படும். உரிய தொகையை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் வட்டியும் சேரும். தொகையில் தகராறு எழுந்தால் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் முறையிடலாம்.

அடுத்த கூட்டத்தின் பொருள்களில் தொட்டி ஏணியின் பழுதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் படிகள் வழுக்குமுன் அவ்வேலை முடிந்திருக்கவேண்டும்.