வெயிலும் உழவர் உடல்நலமும்

(முத்துப்பேட்டை உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிருக்கு வெயில் எவ்வளவு வேண்டும் என்று அடிக்கடி பேசுகிறோம். அப்பயிரை வளர்ப்பவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நன்மை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் படும்போது உடல் வைட்டமின் டி சத்தைத் தயாரிக்கிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேர இது தேவை. திருப்பதியில் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், நகரத்தாரைவிட வயலில் உழைப்போருக்கு இச்சத்து கூடுதலாக இருந்தது. ஆயினும் அவர்களிலும் பலருக்குக் குறைபாடு காணப்பட்டது. உணவில் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை. எனவே வெயிலோடு கேழ்வரகு, மோர், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் வேண்டும்.

இளங்காலை வெயிலே இதற்கு ஏற்றது என்று பலர் நம்புகின்றனர். சூரியன் சாய்ந்திருக்கும்போது தேவையான கதிர்கள் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன் தரும். வீட்டோடு இருக்கும் பெண்களும் முதியோரும் முற்பகல் 11 மணியளவில் முகம், கை, கால்களில் சற்று நேரம் வெயில் படுமாறு இருப்பது நல்லது.

நெடுநேரம் வெயிலில் நின்றாலும் இச்சத்து கூடிக்கொண்டே போகாது. தோல் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் வெப்பத்தின் கேடு அவ்வாறு நிற்பதில்லை. ஆகவே நாள் முழுதும் வயலில் நிற்பவருக்கு மேலும் வெயில் தேவையில்லை, பாதுகாப்பே தேவை.

நமது கருநிறத் தோல், தோல் புற்றுநோயிலிருந்து ஓரளவு காக்கிறது. ஆனால் கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. கண்புரையும் கண்ணில் சதை வளர்வதும் வெயிலில் உழைப்போருக்கு அதிகம். மேலும், கடலோரமான முத்துப்பேட்டையில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடல் குளிர்வதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பலரிடம் நீரிழப்பும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகளும் கண்டனர். 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

விதை நெல்லை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் காயவிடக்கூடாது என்பதை அறிவீர்கள். முளைப்புத்திறன் கெடும் என்று விதைக்குத் தரும் ஓய்வை வேலையாட்களுக்கும் தர வேண்டாமா? உளுந்து அறுவடையில் ஆள் கிடைத்த அன்றே முடிக்க வேண்டிய அவசரம் உண்டுதான். விடியலில் தொடங்கி, உச்சிவெயிலில் நிறுத்தி, மாலையில் தொடரலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தாகம் எடுக்குமுன்பே அடிக்கடி தண்ணீர் குடிக்கவும். உப்பிட்ட நீராகாரமும் மோரும் நல்லவை. இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு பற்றி மருத்துவரைக் கேட்கவும்.
2. தலைக்கு முண்டாசு அல்லது அகன்ற தொப்பி, உடலுக்குத் தளர்ந்த பருத்திச் சட்டை அணியவும்.
3. மறைவிடம் இல்லையென்று பெண்கள் தண்ணீர் குடிக்காமலிருப்பது தீங்கு. வயலருகே தென்னங்கீற்றால் ஒரு மறைப்பு அமைத்துக் கொடுங்கள்.
4. ஒருவர் தடுமாறினாலோ, உளறினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறவும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். 108க்கு அழைக்கவும்.

வயலுக்கு நீர் பாய்ச்ச மறவாத நாம், நம் உடலையும் மறவாது பேணிப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.