ஈம் கிராமத்தில் மூன்று நாட்கள்



மருத்துவம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிக் கேட்டுக் கேட்டு நீங்கள் களைத்திருப்பீர்கள். ஆகவே, இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் நால்வரும் சேர்ந்து மூன்று நாள் தங்கி வந்த ஒரு கிராமத்தைப் பற்றிச் சொல்கின்றோம். மருத்துவம் அதற்குள்ளேயே இருக்கின்றது.

டாபிஷயர் மலைப்பகுதியில், ஷெஃபீல்ட் நகரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றது அந்த ஊர். எழுத்தைப் பார்த்து வாசித்தால் ‘இயாம்’ என்று வரும். ஊரவர் சொல்வது ‘ஈம்’. கல்வீடுகள், வாசலில் பூஞ்செடிகள், பழைய தேவாலயம், அதன் முற்றத்தில் ஆயிரம் வருடங்களுக்கு மேற்பட்ட கற்சிலுவை. கலண்டர்ப் படம் போன்ற ஊர்தான். ஆனால் தேவாலயத்துக்கு அருகிலுள்ள வீடுகளின் முன்னால், அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கதைத்துச் சிரித்துக்கொண்டு நடந்த நாங்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டோம்.

1665ஆம் ஆண்டு லண்டனிலிருந்து இங்குள்ள தையற்காரர் ஒருவருக்குத் துணிப்பொதி வந்தது. ஈரத் துணியை நெருப்பருகே விரித்துக் காயவைத்தவர் ஜோர்ஜ் விக்கர்ஸ். செப்டெம்பரில் அவர் கொள்ளைநோயால் இறந்தார். துணியோடு தெள்ளும் வந்தது என்பதே இன்றைய விளக்கம். அன்றோ கெட்ட காற்றுத்தான் காரணம் என்று நம்பினார்கள். யெர்சின் ஹொங்கொங்கில் கிருமியைக் கண்டது 1894இல். தெள்ளின் பங்கை சிமோன் கராச்சியில் காட்டியது 1898இல்.

குளிர்காலத்தில் குறைந்த சாவு, 1666 கோடையில் மீண்டும் ஏறியது. அப்போது குருவானவராக இருந்தவர் வில்லியம் மொம்பெசன். முப்பது வயதைத் தொடாதவர், ஊருக்குப் புதியவர். அவருக்கு முன்னிருந்த தோமஸ் ஸ்ரான்லி, அரசின் வழிபாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். ஊர்ச் சனம் நம்பியது ஸ்ரான்லியைத்தான். ஒத்துப்போகாத இந்த இருவரும் சேர்ந்து நின்று, யாரும் எல்லை தாண்டுவதில்லை என்று சனத்தை இணங்க வைத்தார்கள். தேவாலயத்தைப் பூட்டி, வெளியே பள்ளத்தாக்கில் வழிபட்டார்கள். அவரவர் சொந்தக்காரரை அவரவரே புதைத்தார்கள். சற்ஸ்வேர்த்தில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். ஸ்ரோனி மிடில்ற்றன் போகும் வழியிலுள்ள எல்லைக் கல்லில் குழிகள் இருக்கின்றன. அவற்றில் வினாகிரியை ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு, அயலூரார் வைத்துப்போன சாமான்களை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிகளுக்குள் நாங்களும் விரல் வைத்துப் பார்த்தோம். கல் மழமழவென்று தேய்ந்து போயிருக்கின்றது.

நவம்பரில் நோய் அடங்கியபோது 260 பேர் வரை இறந்திருந்தார்கள். ஊரில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை.

இரவு, தங்கியிருந்த வீட்டில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஊரை அடைக்குமுன் மொம்பெசன் தன் இரண்டு பிள்ளைகளையும் யோர்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். மனைவி கத்தரீன் போக மறுத்துக் கூட நின்று, ஓகஸ்ற்றில் இறந்தார். கல்லறை தேவாலய முற்றத்தில் இருக்கின்றது. தன் பிள்ளைகளை அனுப்பியவர் மற்றவர் பிள்ளைகளை மறிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். தாய் தகப்பனாக இருந்து பார் என்றாள் மற்றவள். மருத்துவர்களாகிய எங்களுக்கு வேறொரு கரைச்சல். நோயைக் காவியது தெள்ளு என்றால், எலியும் தெள்ளும் உள்ள வீடுகளுக்குள் சனத்தை மறித்து வைத்தது உள்ளே சாவைக் கூட்டியிருக்கவும் கூடும். வெளியில் வழிபட்டது நல்ல காரியம். அயலூர்கள் தப்பியதும் உண்மை. கொரோனா வார்டுகளில் நின்ற நாட்களில், உறவினரை உள்ளே விடாமல் கதவடியில் மறித்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டளையின் பாரம் எங்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் நாங்கள்தான். ‘ஊரிலேயே இருங்கள்’ என்ற சொல்லை அதனால் லேசாகக் கேட்க முடியவில்லை. ஈம் மக்களின் தியாகத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் போக இடமும் காசும் இருந்தன என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

கடைசி நாள், ஊருக்கு வெளியே மேட்டு வயலில் உள்ள றைலி கல்லறைகளுக்கு நடந்தோம். வட்டமான கற்சுவருக்குள் ஹன்கொக் குடும்பம் கிடக்கின்றது. 1666 ஓகஸ்ற்றில் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹன்கொக் தனியாக அடக்கம் செய்தார். அவருக்கு நோய் தொற்றவில்லை. எல்லாம் முடிந்தபின், ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த எஞ்சிய மகனிடம் அவர் போய்ச் சேர்ந்தார் என்று சொல்கிறார்கள். நாங்களும் அந்தத் திசைக்குத்தான் பஸ் பிடித்தோம்.